பால் சேர்க்காத விருந்து

என் அக்கா தெய்வம்மாவுக்குத் தெரிந்த ஓட்டல் மஞ்சூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஒன்றுதான். ஒரு பன், ஒரு தேத்தண்ணி. அதையும் நின்றபடியே முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் குன்னூரில் ஒரு பங்களா ஓட்டலில், மடியில் வெள்ளைத் துணி விரித்து, தட்டில் பூ வைத்து, விருந்து போட்டார்கள். விருந்து போட்டவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று அக்கா சொல்கிறாள். எனக்கு அந்த நல்ல மனசு கிடையாது. அந்த ஓட்டல் வாசலைத் தாண்டும்போதெல்லாம் பிக்கப்பின் ஹாரனை ஒரு நீட்டு நீட்டிவிட்டுத்தான் போகிறேன்.

நான் மனோகரன். சின்ன விவசாயிகளின் தோட்டத்திலிருந்து பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்கு ஏற்றிப் போகிறவன். அக்கா அந்தத் தேயிலையைக் கிள்ளுகிறவள். எங்கள் குடும்பத்தில் இதைவிட உயர்ந்த உத்தியோகம் பார்த்தது அக்காவின் மகள் இந்துமதி ஒருத்திதான். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ்.

அக்கா பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில். நாங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறும்போது அவளுக்கு எட்டு வயது, நான் அவள் இடுப்பில் இருந்தேனாம். கப்பல் ஏறுவதற்கு முந்தின வருஷம் அங்கே தோட்டங்களில் பஞ்சம். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் தினமும் ஒரு கிண்ணம் மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கொடுத்துத்தான் நாங்கள் பிழைத்தோம். அதே வீட்டுக்காரர் பிற்பாடு எங்கள் அப்பாவை ஏதோ தகராறில் அடித்தார். அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. "அவங்க வீட்டுச் சாப்பாடு வயித்துல இருக்கு" என்று மட்டும் சொன்னாளாம். அம்மாவிடமிருந்து அக்கா சுத்தமாக வாங்கி வைத்துக்கொண்ட சொத்து அது ஒன்றுதான். ஒருத்தர் கையால் வாங்கிச் சாப்பிட்டால் அவர்களோடு ஒட்டு உண்டாகிவிட்டது என்று நம்புகிறவள். அதனாலேயே யார் வீட்டிலும் லேசில் வாய் நனைக்க மாட்டாள்.

இங்கே வந்த சில வருஷத்தில் அம்மா போய்விட்டாள். அக்காதான் என்னை வளர்த்தாள். அவளுக்கு வாய்த்த புருஷன் காத்தமுத்து நல்ல மனிதர், குடிக்காத மனிதர், எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் அப்படி ஒருவரைக் காண்பதே அபூர்வம். ஒரு நாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில், தேயிலைச் செடிக்குள் படுத்திருந்த காட்டெருமை எழுந்து அவரை முட்டித் தூக்கிப் போட்டுவிட்டது. இந்துமதி அப்போது நாலாம் வகுப்பு. அதற்குப் பிறகு அக்கா ஒரு நாள்கூட அந்தக் குழந்தையைக் கொழுந்துக் கூடையைத் தொட விட்டதில்லை. விளையாட்டுக்குத் தோளில் மாட்டினால்கூட அடி விழும்.

அந்த இந்துமதிக்கு இருபத்தேழு வயதில் ஒரு பையன் மேல் பிரியம் வந்தது. பெயர் விஜயபாஸ்கர். பைக்கில் விழுந்து கை ஒடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பா இராஜமாணிக்கம் ராணுவ அலுவலகத்தில் சிவிலியனாக இருந்து ரிட்டயர் ஆனவர், அம்மா அருக்காணி. சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம், இப்போது வெலிங்டனில் சொந்த வீடு. பையன் சாதுவான பையன். மாட்டுப்பால்கூடக் குடிக்க மாட்டான். கன்றுக்குச் சேரவேண்டியதை நாம் பறித்துக் குடிக்கிறோம் என்று என்னிடமே ஒரு தரம் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. மாட்டுக்காக இவ்வளவு இரங்குகிறவன் எங்கள் பெண்ணை எப்படித் தாங்குவான் என்று நானும்தான் நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

பெண் பார்க்க வருவதைப் பற்றி எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் பச்சைத் தண்ணீரும் தொட மாட்டார்கள். சம்மதம் என்றால் பெண் கொண்டுவரும் தேத்தண்ணியை வாங்கிக் குடிப்பார்கள். குடித்துவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரி. வேண்டாமென்றால் அதை வாயால் சொல்லிப் புண்படுத்த வேண்டியதில்லை. தம்ளரைத் தொடாமல் எழுந்து போவார்கள். "குடிக்காமல் போய்விட்டார்கள்" என்றால் லைனில் யாரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். இது எங்களுக்கு மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. கொங்கு நாட்டிலும் கை நனைப்பது என்று இதைத்தான் சொல்கிறார்கள். அருக்காணி அம்மாளுக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அந்த அம்மாள்தான் ஃபோன் செய்தது. அக்கா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், அதனால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க அக்கா, பையன் இப்ப பாலு, தயிரு, நெய்யி எதையுமே தொடறதில்லீங்க. உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்? குன்னூர்ல புதுசா ஒரு ஓட்டல் தொறந்திருக்கறாங்க, பாலே சேக்காத ஓட்டலாம். அங்கயே எல்லாரும் பாத்துப் பேசிக்கலாமுங்க."

"எனக்கு என்னாங்க சிரமம்? எங்க வீட்டுல என்னைக்குப் பாலும் நெய்யும் ஓடுச்சு? தேங்காய்ப்பால் சொதி, சம்பல், ரொட்டி, கீரை. நான் ஆக்குறதே தம்பி திங்கிற சாப்பாடுதாங்க" என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "இருக்கட்டுங்க அக்கா, அதுக்கென்ன, இன்னொரு நாளைக்கு வாறமுங்க."

நான் அப்போதே சொன்னேன், இது சரியாகப் படவில்லை என்று. பொண்ணு வீட்டைப் பார்க்காமல் பொண்ணைப் பார்க்கிறேன் என்கிறவர்களுக்கு என்ன உத்தேசம் இருக்கும்? அக்கா காதில் வாங்கவில்லை. அவர்கள் வருவார்கள் என்று வீட்டுக்குள் அடித்து வைத்திருந்த சுண்ணாம்பு காய்வதற்குள் அந்த ஃபோன் வந்தது. அவள் அடித்த சுண்ணாம்பு அவளுக்கே ஆயிற்று.

ஓட்டலின் பெயர் மாஸ் அண்ட் ஃபெர்ன். பாசியும் பெரணியும் என்று தமிழில் எழுதினால் ஒருவன் சாப்பிட வரமாட்டான். முன்பு ஏதோ ஒரு வெள்ளைக்காரத் தொரை குடியிருந்த பங்களா. நான் என் பிக்கப்பில்தான் அக்காவையும் இந்துமதியையும் கூட்டிப் போனேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் வண்டியைப் பார்த்ததும் கையை வீசி, "காய் லோடா? பின்னாடி கேட்டுக்குப் போங்கண்ணா" என்றான். சாப்பிட வந்திருக்கிறோம் என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், பிறகு மிகவும் மரியாதையாக, வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரச் சொன்னான். அவனும் கொலக்கம்பைப் பக்கத்து லைன்காரன்தான், பேச்சிலேயே தெரிந்தது. அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

உள்ளே அவர்கள் மூன்று பேரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம். அதைப் பார்ப்பதற்காகவே எல்லா நாற்காலியையும் ஒரே பக்கமாகப் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் ஏழெட்டுப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நெரை கோணலாப் போகுது" என்று என் காதில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மெனு கார்டில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குப் புரியவில்லை. விஜயபாஸ்கரே எல்லாம் சொன்னான். முந்திரியை அரைத்துச் செய்த சீஸ் வந்தது. பலாக்காயைக் கறி மாதிரி வதக்கி மடித்த ரொட்டி வந்தது. மரத்தக்காளியில் ஒரு சட்னி, விரலால் வழித்தால் தீர்ந்துவிடும் அளவு. எங்கள் லைன் வேலியில் காய்த்துத் தொங்கி, ஆடு தின்றதுபோக மீதியை நாங்கள் தின்னும் மேரக்காய்க்கு, அதுதான் சௌசௌ, அங்கே நெருப்பில் சுட்டு, எள் தூவி, நடுவில் ராஜா மாதிரி இடம் கொடுத்திருந்தார்கள். கடைசியாக ஒரு கிண்ணம் வந்தது. பச்சைத் தேயிலைக் கொழுந்தை ஊறவைத்து, வேர்க்கடலை போட்டுக் கலந்திருந்தார்கள். சாலட்டாம்.

அக்கா அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள். நாற்பது வருஷமாகக் கிள்ளிய இலை. பரிமாறிய பையனிடம், "தம்பி, இதுக்கு மருந்தடிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள்.

அவன் சமையல்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனான். விஜயபாஸ்கர் விழுந்து விழுந்து சிரித்தான், அவன் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. இராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"உங்களுக்குப் பூர்வீகம் எந்தப் பக்கமுங்க?"

"சிலோன்ல ஹட்டனுங்க" என்றாள் அக்கா.

"அது சரிங்க. அதுக்கு முந்தி?"

"தொறையூருக்குக் கிட்டன்னு எங்கப்பா சொல்லுவாருங்க."

"தொறையூரு நமக்குப் பழக்கமான ஊருதானுங்க. ஊருக்குள்ளயா, வெளியிலயா? எந்தத் தெருன்னு ஏதாச்சும் சொல்லியிருக்கறாருங்களா?"

இந்துமதி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அந்தக் கேள்வி புதிதில்லை, ஆஸ்பத்திரி ஹாஸ்டலிலும் கேட்டிருப்பார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "தெருவுல வீடு இருந்திருந்தா எங்க பாட்டன் எதுக்குங்க கடல் தாண்டிப் போயி காப்பி நடப் போறாரு?" என்றேன். இராஜமாணிக்கம், "அதுவும் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ஸ்பூனை எடுத்துக்கொண்டார். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. விஜயபாஸ்கர் தட்டில் இருந்த பூவை ஓரமாகத் தள்ளிவைத்தான், வாயைத் திறக்கவில்லை. கன்றுக்குட்டிக்காகப் பேசுகிற வாய்.

அக்கா இதையெல்லாம் கவனித்தாளா என்று கேட்டால், இல்லை. அவள் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆளுக்கொரு தட்டாகப் பரிமாறவில்லை. எல்லாவற்றையும் நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். அக்கா கூச்சப்பட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அருக்காணி அம்மாள் மடித்த ரொட்டியில் பாதியைப் பிட்டு, தன் கையாலேயே அக்காவின் தட்டில் வைத்தாள். "சாப்புடுங்க அக்கா, வெக்கப்பட்டா வயிறு நெறையுங்களா?" என்றாள். மீதிப் பாதியைத் தான் தின்றாள்.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும். அந்தப் பாதி ரொட்டியை அவள் கோயில் பிரசாதம் தின்பதுபோல ஒரு துணுக்கு சிந்தாமல் தின்று முடித்தாள். மாப்பிள்ளையின் தாய் தன் கையால் பிட்டு வைத்து, ஒரே ரொட்டியை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டாயிற்று. இனி யார் நினைத்தாலும் இதைப் பிரிக்க முடியாது என்று அக்கா நினைத்துவிட்டாள்.

திரும்பி வரும்போது வண்டியில் பாடாத குறை. "நான் என்னமோ நெனைச்சேன்டா மனோகரா, பெரிய எடம், நம்ம கூட ஒக்காந்து திம்பாங்களான்னு. ஒரே தட்டுல கை போட்டுச் சாப்பிட்டாங்க பாத்தியா!"

"அக்கா, அது ஓட்டல். அங்க வாற எல்லாருக்கும் அப்படித்தான் வப்பாங்க. அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், பொறு."

"வாயால சொல்றவங்க மாத்திச் சொல்லுவாங்க. சாப்பிட்டவங்க மாத்த மாட்டாங்க."

ஜன்னலோரம் இந்துமதி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். அவளுக்கும் ஆசை இருந்ததே. ஆசை இருக்கிறவர்களுக்கு எதையும் நல்லதாகத்தான் பார்க்கத் தோன்றும்.

மறுநாள் இந்துமதி டியூட்டிக்குக் கிளம்பியதும் அக்கா சீனித் தட்டை எடுத்துவிட்டாள். சம்மதம் ஆன வீட்டார் லைன் முழுக்கச் சீனி கொடுக்க வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். ஒரு வீடு விடவில்லை. பேசாமல் இருந்த வீட்டுக்கும் போய்க் கொடுத்தாள். பக்கத்து வீட்டு ரோஸ்மேரி, "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தமாதிரியே தெரியலையே?" என்று கேட்டதற்கு, "குன்னூர்ல பெரிய ஓட்டல்ல வச்சு, சம்பந்தியம்மா தன் கையால எனக்கு ஊட்டாத கொறையா வச்சாங்க" என்று பெருமையடித்திருக்கிறாள். அன்றைக்கு அவள் எடுத்த கொழுந்தை ஃபேக்டரியில் இறக்கும்போது எனக்கே அந்த மூட்டை கொஞ்சம் அதிக கனமாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் இரண்டு ஆள் வேலை பார்த்திருக்கிறாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, நான் அக்கா வீட்டில் இருந்தேன். அருக்காணி அம்மாளின் ஃபோன். அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தலைமுடியைக்கூட ஒதுக்கிவிட்டுக்கொண்டு எடுத்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜாதகம் பொருந்தி வரலீங்க."

அக்காவுக்குப் புரியவில்லை. "நாங்க ஜாதகமே குடுக்கலீங்களே. பாப்பாவுக்கு ஜாதகமே எழுதலீங்க."

"பேருக்குப் பாத்தமுங்க. ரண்டு எடத்துல பாத்தமுங்க. ரண்டு பேருமே வேண்டான்னுட்டாங்க."

"அது எப்படிங்க…" அக்கா தடுமாறினாள். "நம்ம எல்லாம் ஒன்னாச் சாப்பிட்டோமேங்க. நீங்க பிட்டு வச்சீங்களே."

குழந்தைக்குச் சொல்வதுபோல, "அது ஓட்டலுங்களே அக்கா" என்றாள் அருக்காணி அம்மாள். "ஓட்டல்ல நாலு பேரு சாப்புடறதெல்லாம் ஒரு கணக்குங்களா? நாங்க உங்க ஊட்ல கையே நனைக்கலீங்களே."

தெரிந்தேதான் செய்திருக்கிறாள். பாலும் இல்லை, தயிரும் இல்லை, பையனின் கொள்கையும் இல்லை. எங்கள் வீட்டில் தம்ளரைத் தொடாமல் எழுந்து போகிற சங்கடம் வேண்டாம், எங்கள் லைனுக்குள் கால் வைக்கவும் வேண்டாம், பையனிடம் போய்ப் பார்த்தோம் என்று சொல்லவும் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓட்டல். நான் ஃபோனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்கலாம் என்று எழுந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

"திட்டுறதுக்கு என்னக்கா, நல்லா நாக்கைப் புடுங்குற மாதிரி கேட்டிருக்கலாம்ல?"

"அவங்க கையால தின்னுட்டேனேடா" என்றாள்.

பாதி ரொட்டி! அதற்குள் வைத்திருந்தது பலாக்காய்!

லைனில் விஷயம் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் கொடுமை. குடிக்காமல் போனார்கள் என்றால் கேட்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சாப்பிட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றி என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. குழாயடியில் அக்கா வந்தால் பேச்சு நிற்கும். ரோஸ்மேரி மட்டும் ஒரு நாள், "பொண்ணு மேல ஏதும் கொறை சொன்னாங்களாக்கா?" என்று மெதுவாகக் கேட்டிருக்கிறாள். அக்கா குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டாள். கொழுந்து எடுக்கப் போனால் எல்லோருக்கும் கடைசி நிரையாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

இந்துமதி மட்டும் நம்பிக்கையை விடவில்லை. ஜாதகமெல்லாம் அவர்கள் அம்மா சொல்கிற சாக்கு, விஜயபாஸ்கர் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார், கொஞ்ச நாள் டைம் கேட்டிருக்கிறார் என்றாள். ஆனால் அவன் ஃபோன் எடுப்பதில்லை என்பதையும் அவளே சொன்னாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், லைன் வாசலில் பைக் சத்தம். அக்கா எட்டிப் பார்த்தாள். விஜயபாஸ்கர் தனியாக வந்திருந்தான். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கதவு என்று தெரியாமல் நின்றான்.

அக்காவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த முகம். "வந்துட்டாருடா!" என்றாள் என்னிடம். பெற்றவர்களை எதிர்த்துக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்தாள். நானும்தான் நினைத்தேன். ஒரு நிமிஷம் அவனைப் பற்றி நான் சொன்ன அத்தனை கெட்ட வார்த்தையையும் திருப்பி எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். அவன் உட்காருவதற்குள் அடுப்பில் தண்ணீர் ஏறிவிட்டது. ரோஸ்மேரி வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டது. லைன் முழுக்கப் பார்க்கட்டும் என்று அக்கா எங்கள் கதவையும் விரியத் திறந்து வைத்தாள்.

"பால் போடல தம்பி. வெறுஞ் சாயத்தண்ணிதான். சீனி போட்டிருக்கேன். நீங்க குடிக்கலாம்" என்று தம்ளரை அவன் கையில் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வெளியே குளிர், தம்ளரின் சூடு அவனுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும். குடிக்கப் போனவன் நிறுத்திவிட்டுப் பேசினான்.

"அம்மா, நேர்ல சொல்றதுதான் மொறைன்னு வந்தேனுங்க. வீட்ல எல்லாம் ரொம்பப் பேசிப் பாத்துட்டேன். எங்கம்மா சாப்புடாம படுத்துக்கறாங்க. என்னால முடியலீங்க." தம்ளரை முழங்காலில் வைத்தான். "இந்து கால் பண்ணிட்டே இருக்காங்க. எனக்கு எடுக்கறதுக்கு தைரியம் இல்லீங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்கதான் சொல்லோணும்."

சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியவனைப்போல மூச்சு விட்டான். தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான்.

அக்கா எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். தம்ளரை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். கொஞ்சம் தளும்பி அவன் விரலில் பட்டது.

"குடிக்காதீங்க தம்பி."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பரவால்லீங்கம்மா. குடிச்சிட்டே போறேன். இவ்ளோ தூரம் வந்துட்டு…"

"வேணாம்னு சொல்ல வந்தவங்க எங்க வீட்டுல குடிக்கக்கூடாது. குடிச்சா அதுக்கு வேற அர்த்தம் ஆயிரும். எம் பொண்ணை ஒரு தடவை அப்படிப் பண்ணியாச்சு. இன்னொரு தடவை வேணாம்."

அவள் குரல் உயரவில்லை. கோபமாகக்கூட இல்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், லைன் முழுக்கப் பார்க்க, சாயத்தண்ணியைச் சாக்கடையில் ஊற்றினாள். விஜயபாஸ்கர் எழுந்து நின்றான். அவன் கண் கலங்கித்தான் இருந்தது. அந்தக் கண் எதற்குத்தான் கலங்காது? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான். பைக் சத்தம் வளைவு தாண்டும்வரை அக்கா தம்ளரோடு வாசலிலேயே நின்றாள்.

"கெட்டவன் இல்லடா" என்றாள் உள்ளே வந்து. "கெட்டவனா இருந்தா வயிறெரிஞ்சு நாலு வார்த்தை வஞ்சிருப்பேன், மனசு ஆறியிருக்கும்."

நான் வைதேன். எனக்குத் தெரிந்த அத்தனையும் வைதேன். எனக்கும் ஆறவில்லை.

அக்கா ஃபோனை எடுத்து மகளுக்குப் போட்டாள். ஸ்பீக்கரில்தான். இந்துமதி டியூட்டியில் இருந்தாள் போலிருக்கிறது, பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"பாப்பா, விஜயபாஸ்கர் வீட்டுக்கு வந்தாரு."

"அம்மா! நெஜமாவா? நான் சொன்னேன்ல! என்னம்மா சொன்னாரு?"

அக்கா ஒரு கையால் கதவைச் சாத்தினாள்.

"ஒன்னும் குடிக்காமப் போயிட்டாரும்மா" என்றாள்.

இந்துமதி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவளும் லைனில் பிறந்த பெண்தானே.